குலுக்கலில் வீடு: கூடுமா? கிடைக்குமா?

(நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. வீட்டைப் பற்றியது. மளிகைக் கடை வைத்திருப்பவரும் கேட்கிறார், டாக்சி ஓட்டுபவரும் கேட்கிறார், நேற்று கல்லூரியை முடித்த தம்பியும் கேட்கிறார். "ஹஜ்ரத், இங்கே அரசாங்க வீட்டுக்கு லாட்டரி என்கிறார்கள். லாட்டரி நமக்கு ஹராம் ஆயிற்றே, மனுப் போடலாமா?" என்பது ஒரு கேள்வி. "போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, யாருக்காவது கிடைக்கிறதா?" என்பது இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் இன்று பதில் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ். முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதுதான் நேரம் எடுக்கும்.

லாட்டரி என்ற பெயரைக் கேட்டதும் நமக்குப் பேருந்து நிலையத்தில் தொங்கிய லாட்டரிச் சீட்டுகள் நினைவுக்கு வருகின்றன. எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய பின் 2003ல் தமிழக அரசு அதைத் தடை செய்தது! அது சூதாட்டம், அதில் இரண்டு கருத்து இல்லை. அங்கே பலருடைய பணத்தைத் திரட்டி ஒருவனுக்குக் கொடுக்கிறார்கள். மற்றவன் கைக்காசை இழக்கிறான். இந்த நகரத்தின் வீட்டுக் குலுக்கலில் நீங்கள் என்ன பணம் கட்டுகிறீர்கள்? ஒரு சென்ட் கூட இல்லை. பெயர் வராவிட்டால் எதை இழக்கிறீர்கள்? எதையும் இல்லை. வீடுகள் குறைவு, தகுதியுள்ளவர்கள் அதிகம், யாருக்கு முதலில் என்பதை ஆள் பார்த்து முடிவு செய்யாமல் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். இதற்கு மார்க்கத்தில் முன்மாதிரி இருக்கிறது. மர்யம் (அலை) அவர்களை யார் பொறுப்பேற்பது என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்த செய்தி குர்ஆனில் (3:44) இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று சீட்டுக் குலுக்கிய செய்தி புகாரியில் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுவசதி வாரியமும் குலுக்கல் நடத்துகிறதே, அதைப் போலத்தான் இதுவும். பெயரை வைத்துப் பயப்படாதீர்கள். தாராளமாக மனுப் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

2021 செப்டம்பர் முதல் தேதி இரவை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஐடா புயலின் மழை வெள்ளம் வந்தது. இந்த நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் பேஸ்மெண்ட் வீடுகளில் வெள்ளம் புகுந்து இறந்தவர்கள். அதிலும் பெரும்பாலோர் இந்த குயின்ஸில்தான். அவர்கள் யார்? வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள். ஜன்னல் இல்லாத தரைக்கடி அறைக்கு மாதம் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்து வாழ்ந்தவர்கள். ஏன் அங்கே போனார்கள்? மேலே வீடு கிடைக்கவில்லை. 2023ல் நகர நிர்வாகம் எடுத்த கணக்கெடுப்பில், வாடகை வீடுகளில் நூற்றுக்கு 1.4 தான் காலியாக இருந்தது. 1968க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. எனவே இது வசதியைப் பற்றிய பேச்சு அல்ல, சகோதரர்களே. உயிரைப் பற்றிய பேச்சு.

குலுக்கல் எப்படி நடக்கிறது? "ஹவுசிங் கனெக்ட்" என்று நகர நிர்வாகத்தின் இணையதளம் இருக்கிறது. அதில் உங்கள் குடும்ப விவரத்தையும் வருமானத்தையும் ஒரு தடவை பதிந்து வைக்கிறீர்கள். பிறகு ஒவ்வொரு கட்டிடத்துக்கும் தனித்தனியாக மனுப் போட வேண்டும். ஒரு தடவை பதிந்துவிட்டேன், தானாக எல்லாக் கட்டிடத்துக்கும் போய்விடும் என்று ஒரு சகோதரர் இரண்டு வருடமாக நிம்மதியாக இருந்தார்! அப்படிப் போகாது. கட்டிடத்துக்குக் கடைசித் தேதி இருக்கிறது. அந்தத் தேதிக்குள் எப்போது போட்டாலும் ஒன்றுதான். முதல் நாள் நள்ளிரவில் போட்டவருக்கு எந்த முன்னுரிமையும் இல்லை. தேதி முடிந்த பிறகு வந்த மனுக்களையெல்லாம் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தருகிறார்கள். அதற்கு லாக் நம்பர் என்று பெயர். சிறிய எண்ணிலிருந்து கூப்பிட ஆரம்பிப்பார்கள்.

ஒரே குடும்பத்துக்கு ஒரே கட்டிடத்தில் இரண்டு மனுப் போட்டால் இரண்டும் போச்சு. கணவர் ஒன்று, மனைவி ஒன்று என்று போட்டால் இரட்டை வாய்ப்பு என்று நினைக்கிறார்கள். தகுதியிழப்புதான் மிச்சம். ஆனால் எத்தனை கட்டிடங்களுக்கு வேண்டுமானாலும் போடலாம். அதில் சோம்பல் கூடாது.

வாய்ப்பு எவ்வளவு? மறைக்க விரும்பவில்லை. மன்ஹாட்டனில் 40 ரிவர்சைடு புல்வார்டு என்ற கட்டிடத்தில் 55 வீடுகளுக்கு 2015ல் 88,000 மனுக்கள் வந்தன. அந்தக் கட்டிடத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. பணக்காரர்கள் நுழைய ஒரு வாசல், குறைந்த வாடகைக்காரர்கள் நுழைய வேறு வாசல்! "ஏழை வாசல்" என்று பத்திரிகைகள் எழுதின. ஊர் சிரித்த பிறகு, சலுகை வாங்கும் கட்டிடங்கள் அப்படித் தனி வாசல் வைக்கக் கூடாது என்று 2015ல் விதியை மாற்றினார்கள். ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கும் நமக்கு அந்த வாசலின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசலுக்கே 88,000 பேர் நின்றார்கள் என்பதையும் யோசியுங்கள்.

இத்தனை கூட்டத்தில் நம் கையில் என்ன இருக்கிறது? குலுக்கலின் முடிவு நம் கையில் இல்லை. எண் வந்த பிறகு தாள் சரியாக இருப்பது நம் கையில் இருக்கிறது. எண் வந்தும் வீட்டை இழந்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அதுதான் என் மனதைப் பிசைகிறது.

இங்கே வியாபாரிகளிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு வருமானத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். இவ்வளவுக்குக் கீழேயும் இருக்கக் கூடாது என்று ஒரு கீழ்வரம்பு இருப்பது பலருக்குத் தெரியாது. வாடகையைக் கட்டும் சக்தி உங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வாடகை உதவிச் சீட்டு, அதாவது செக்ஷன் 8 போன்ற வவுச்சர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு. சம்பளக்காரருக்குப் பிடித்தம் போவதற்கு முந்திய மொத்தச் சம்பளத்தைக் கணக்கிடுகிறார்கள். சொந்தத் தொழில் செய்பவருக்குச் செலவு போன நிகர வருமானத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த நிகரத்தை எங்கே பார்ப்பார்கள்? நீங்கள் கட்டிய வரிக்கணக்கில்!

கடையில் ரொக்க வியாபாரம். கணக்கு எழுதுபவர் "குறைத்துக் காட்டுகிறேன் பாய், வரி மிச்சம்" என்கிறார். நீங்களும் தலையாட்டுகிறீர்கள். மூன்று வருடம் கழித்து லாக் நம்பர் வருகிறது. அதிகாரி தாளைப் பார்க்கிறார். "உங்கள் வருமானம் இந்த வீட்டுக்குப் போதாது" என்கிறார். "இல்லை ஐயா, எனக்கு நிஜத்தில் இதைவிட அதிகம் வருகிறது" என்று சொல்ல முடியுமா? சொன்னால் வரி ஏய்த்ததை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் வீடு போகும். பொய் சொன்னவன் தன் பொய்யாலேயே கட்டப்படுகிறான். மார்க்கம் பொய்க் கணக்கைத் தடுத்தது மறுமைக்காக மட்டும் என்று நினைத்தீர்களா?

"மீடியன் வருமானம்" என்று ஒரு சொல்லை விளம்பரத்தில் பார்ப்பீர்கள். 60 சதவீதம், 80 சதவீதம், 130 சதவீதம் என்று போட்டிருக்கும். மத்திய அரசின் வீட்டுத் துறை ஒவ்வொரு வருடமும் அறிவிக்கும் அளவு அது. 2024ல் மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு நூறு சதவீதம் என்பது 1,39,800 டாலர். அப்படியானால் 60 சதவீதம் 83,880 டாலர். மளிகைக் கடையில் வேலை பார்க்கும் தம்பி அவ்வளவு சம்பாதிக்கிறாரா? "கட்டுப்படியாகும் வீடு" என்று பலகை வைக்கிறார்கள், யாருக்குக் கட்டுப்படியாகும் என்று எழுதுவதில்லை. 130 சதவீதக் கட்டிடத்துக்குப் போய் மனுப் போட்டுவிட்டு, கிடைக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. விளம்பரத்தில் உங்கள் குடும்ப எண்ணிக்கைக்கு எதிரே உள்ள வரியைப் பாருங்கள். உங்கள் வருமானம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே விழுகிறதா? விழுந்தால் போடுங்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு முன்னுரிமை என்று ஒன்று உண்டு. கட்டிடம் எழும் வட்டாரத்தில் ஏற்கனவே வசிப்பவர்களுக்குப் பாதி வீடுகளை ஒதுக்கி வந்தார்கள். வெள்ளையர் பகுதி வெள்ளையருக்கே போகிறது, இன ஒதுக்கலை இது நீட்டிக்கிறது என்று 2015ல் வழக்குப் போட்டார்கள். 2024ல் சமரசமாகி அந்தப் பாதி 20 சதவீதமாகக் குறைந்தது. 2029க்குப் பிறகு 15 ஆகும். இதில் நமக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. நாம் திரளாக வாழும் வட்டாரத்தில் முன்னுரிமை குறைகிறது. நமக்குக் கதவடைத்த வட்டாரங்களில் கதவு கொஞ்சம் திறக்கிறது. எனவே ஜமைக்காவுக்கு மட்டும் போடுவேன், பள்ளிவாசல் பக்கத்தில்தான் வேண்டும் என்று இருக்காதீர்கள். பள்ளி இல்லாத இடத்தில் நாலு குடும்பம் போனால் பள்ளி தானாக வரும். இந்த குயின்ஸே அதற்குச் சாட்சி!

முன்னுரிமைக்காக நண்பர் வீட்டு விலாசத்தைக் கொடுப்பது மோசடி. அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

கிரெடிட் கெட்டுப் போயிருக்கிறதே என்று பயந்து ஒதுங்குபவர்கள் இருக்கிறார்கள். நம்மில் பலர் வட்டிக்குப் பயந்து கிரெடிட் கார்டே வாங்குவதில்லை, அதனால் ஸ்கோரே இல்லை. கடந்த 12 மாதம் வாடகையை ஒழுங்காகக் கட்டியதற்குச் சான்று கொடுத்தால் கிரெடிட் சோதனைக்குப் பதிலாக அதை ஏற்க விதியில் இடமிருக்கிறது. அதற்கு வாடகையை ரொக்கமாகக் கையில் திணிக்காமல் செக்கிலோ மணியார்டரிலோ கொடுத்து அத்தாட்சியை வைத்திருக்க வேண்டும். பேஸ்மெண்டில் இருக்கும் தம்பிகளே, இந்த மாதத்திலிருந்து செய்யுங்கள். நிராகரித்துக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று கிழித்துப் போடாதீர்கள். மேல்முறையீடு செய்ய நாள் குறித்திருப்பார்கள். அந்த நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும்.

ஏஜெண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. "ஐந்நூறு டாலர் கொடு, லாக் நம்பரை முன்னே தள்ளுகிறேன்" என்று நம் மொழி பேசுபவனே வருகிறான். தாடியும் வைத்திருக்கிறான். மனுப் போடக் கட்டணம் கிடையாது, எண்ணை முன்னே தள்ள யாராலும் முடியாது. இதே பதில் இன்னொன்றுக்கும் பொருந்தும். 2026 ஜனவரியில் ஒரு முஸ்லிம் இந்த நகரத்தின் மேயராகப் பொறுப்பேற்றார். நமக்கெல்லாம் மகிழ்ச்சிதான். அதற்காக "நம்ம ஆளு இருக்கிறார், சொல்லிப் பார்க்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள்! மேயர் யாராக இருந்தாலும் உங்கள் எண் உங்கள் எண்தான். அப்படி இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. ஆள் பார்த்து வீடு கொடுத்த காலத்தில் இந்த நகரம் எப்படி இருந்தது தெரியுமா? ஸ்டைவெசண்ட் டவுன் என்ற பெரிய குடியிருப்பு 1947ல் திறந்தபோது கறுப்பின மக்களுக்கு அங்கே இடமே இல்லை. உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய கறுப்புச் சிப்பாய்க்கும் இல்லை.

இனி கோ-ஆப் வீடுகள். இதைத்தான் நம் சமுதாயம் சரியாகக் கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

கூட்டுறவுக் குடியிருப்பு என்றால், கட்டிடம் முழுவதும் ஒரு சங்கத்துக்குச் சொந்தம். நீங்கள் அதில் பங்கு வாங்கி உங்கள் வீட்டில் குடியிருக்கிறீர்கள். மாதம் பராமரிப்புத் தொகை கட்டுகிறீர்கள். சந்தையில் விற்கும் கோ-ஆப் வேறு, அது லட்சக்கணக்கில் போகும். நான் சொல்வது மிட்செல்-லாமா கோ-ஆப். மிட்செல் என்ற மாநில செனட்டரும் லாமா என்ற சட்டமன்ற உறுப்பினரும் கொண்டுவந்த சட்டத்தின்படி 1955லிருந்து கட்டியவை. அரசு குறைந்த வட்டியில் கடனும் வரிச்சலுகையும் கொடுத்தது. பதிலுக்கு, வாங்கியவர் கொள்ளை லாபத்துக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. வெளியேறும்போது போட்ட பணமும், கட்டிடக் கடன் அடைந்ததில் உங்கள் பங்கும் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் உள்ளே நுழையும் விலையும் குறைவு. முப்பது வருட வட்டிக் கடனில் கழுத்தைக் கொடுக்காமல், சேமித்த பணத்தைக் கொண்டோ குடும்பத்தார் கொடுத்த கைமாற்றைக் கொண்டோ இந்தப் பங்கை வாங்க முடிகிறது. வட்டிக்குப் பயந்து வீடே வேண்டாம் என்று இருப்பவர்களே, இதை விசாரித்தீர்களா? சங்கத்தின் பேரில் கட்டிடத்துக்கு ஒரு கடன் இருக்கும். அதைக் குறித்து உங்கள் பகுதி ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இந்தக் குடியிருப்புகளைக் கட்டியவர்கள் பணக்காரர்கள் அல்ல. தையல் தொழிலாளர்களின் சங்கத்திலிருந்து வந்த ஆப்ரகாம் கசான் என்ற யூதர் 1927லேயே பிராங்க்ஸில் கூட்டுறவு வீடுகளை எழுப்பினார். இங்கே ஜமைக்காவில் ராச்டேல் வில்லேஜ் இருக்கிறதே, 5,860 வீடுகள். அந்த நிலம் முன்பு குதிரைப் பந்தய மைதானம். சூதாட்டம் நடந்த மண்ணில் 1963லிருந்து குடும்பங்கள் வாழ்கின்றன! பிராங்க்ஸில் கோ-ஆப் சிட்டி 15,372 வீடுகள், 35 உயரமான கட்டிடங்கள். 1968ல் குடியேற ஆரம்பித்தார்கள். மாதத் தொகையை ஏற்றிக்கொண்டே போனபோது 1975ல் அந்த மக்கள் என்ன செய்தார்கள்? கட்ட மறுத்தார்கள். 13 மாதம்! பணத்தைச் செலவழித்துவிடவில்லை. செக்குகளை வீடு வீடாக வசூலித்து நீதிமன்றத்தின் கைக்கு எட்டாமல் பாதுகாத்து வைத்தார்கள். முன்னின்றவர் சார்லஸ் ரோசன் என்ற அச்சுத் தொழிலாளி. கடைசியில் குடியிருப்பின் நிர்வாகமே மக்கள் கைக்கு வந்தது. நாலு பேர் கூடினால் ஐந்து சங்கம் வைக்கும் நமக்கு, இதில் படிக்க நிறைய இருக்கிறது.

இந்த வீடுகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. பல இடங்களில் பட்டியலே மூடிக் கிடக்கும். எப்போதாவது திறப்பார்கள், அப்போதும் குலுக்கல்தான். குலுக்கலில் வந்தால் வீடு கிடைத்துவிட்டது என்று பொருளல்ல, பட்டியலில் ஒரு இடம் கிடைத்தது என்று பொருள். பிறகு ஐந்து வருடம் ஆகலாம், பதினைந்தும் ஆகலாம். உள்ளே இருப்பவர் பெரிய வீட்டுக்கு மாற விரும்பினால் அவருக்குத் தனிப் பட்டியல், அதுவும் சேர்ந்து நகரும். நகரம் மேற்பார்க்கும் கட்டிடங்களுக்கு "மிட்செல்-லாமா கனெக்ட்" என்ற தனித் தளம். மாநிலம் மேற்பார்க்கும் கட்டிடங்களுக்கு மாநில வீட்டுத் துறையின் தனி ஏற்பாடு. ஒன்றில் போட்டால் மற்றதில் சேராது. வீடு மாறினால் உங்கள் புதிய விலாசத்தை எழுத்தில் தெரிவியுங்கள். பத்தாவது வருடம் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், பதில் இல்லையென்று பெயரை அடித்துவிட்டால் யாரை நோவது?

வாலிபர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்று 20 வயதில் பட்டியலில் நுழைந்தால் குழந்தை பள்ளிக்குப் போகும் வயதில் வீடு வரலாம். கல்யாணம் ஆகட்டும், பார்க்கலாம் என்பவர் நாற்பது வயதில் வரிசையின் வாலில் நிற்பார்.

வீடு கிடைத்த பின்பும் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, ஊருக்குப் போவது. நகரம் மேற்பார்க்கும் மிட்செல்-லாமா வீட்டில் வருடத்துக்குக் குறைந்தது 183 நாள் நீங்கள் வசிக்க வேண்டும். தங்கை கல்யாணம், கடை வியாபாரம் என்று எட்டு மாதம் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இருந்துவிட்டு, வீட்டை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விட்டு வருகிறீர்களா? அது உங்கள் வீடு அல்ல என்று அவர்கள் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. ஒவ்வொரு வருடமும் வருமான உறுதிப் படிவம் ஒன்று வரும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று எழுத வேண்டும். மகன் வேலைக்குப் போகிறான், அவன் சம்பளத்தைச் சேர்த்தால் மாதத் தொகை கூடும் என்று அவன் பெயரையே எழுதாமல் விடுகிறார்கள். தகப்பனார் மவுத்தாகிறார். ஜனாஸா அடக்கி நாற்பது நாள் ஆவதற்குள் கடிதம் வருகிறது: இந்த வீட்டில் உங்களுக்கு உரிமை இல்லை. ஏன்? வாரிசாக வீட்டைத் தொடர வேண்டுமானால், அவரோடு இரண்டு வருடம் அங்கே வசித்திருக்க வேண்டும், அந்தப் படிவத்தில் பெயரும் இருந்திருக்க வேண்டும். 62 வயதானவருக்கும் ஊனமுற்றவருக்கும் ஒரு வருடம் போதும். முப்பது வருடம் அந்தச் சுவருக்குள் வளர்ந்தவன், தாளில் இல்லாததால் அந்நியனாகிறான். மாதம் நூறு டாலர் மிச்சப்படுத்தி மகனுடைய கூரையை விற்றது யார்?

இந்தக் கோ-ஆப்களில் சில, குறித்த வருடங்கள் கழிந்த பின் வாக்கெடுப்பு நடத்திச் சந்தை விலைக்கு மாறிவிட்டன. கீழ் மன்ஹாட்டனில் சவுத்பிரிட்ஜ் டவர்ஸ் அப்படி மாற 2014ல் வாக்களித்தது. இருந்தவர்களுக்கு லட்சக்கணக்கில் லாபம், பட்டியலில் காத்திருந்தவர்களுக்குக் கதவடைப்பு. மிட்செல்-லாமா அல்லாத பழைய தொழிற்சங்கக் குடியிருப்பான பென் சவுத், 2,820 வீடுகள், சந்தைக்குப் போகாமல் மலிவாகவே வைத்திருப்பதென்று மீண்டும் மீண்டும் வாக்களித்தது. நாளை உங்கள் குடியிருப்பிலும் இந்த வாக்குச் சீட்டு வரலாம். அன்று உங்கள் கை எந்தப் பக்கம் போகும் என்பதை இப்போதே வீட்டில் பேசுங்கள்.

கடைசியாக, செய்ய வேண்டிய வேலை. நகர நிர்வாகம் தன் தகவல்களை முக்கியமாகப் பத்து மொழிகளில் மொழிபெயர்க்க 2017ல் சட்டம் செய்தது. வங்காளமும் உருதுவும் அரபியும் அதில் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆகவே நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டும். ஞாயிறு அஸருக்குப் பிறகு இந்த மண்டபத்திலேயே இரண்டு கம்ப்யூட்டர் வைத்து, ஆங்கிலம் தெரிந்த நாலு கல்லூரிப் பிள்ளைகள் உட்காருங்கள். மனுப் போட இலவசமாக உதவும் "ஹவுசிங் அம்பாசிடர்" அமைப்புகள் ஊரெங்கும் இருக்கின்றன. அவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள். பலகையில் கடைசித் தேதிகளை எழுதிப் போடுங்கள். வருகிறவர்கள் வரிக்கணக்கு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள், வாடகை அத்தாட்சி எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். ஏற்கனவே கோ-ஆப்பில் இருப்பவர்கள் போன வருடத்து உறுதிப் படிவத்தின் நகலைக் கொண்டு வாருங்கள். யார் யாருடைய பெயர் அதில் விடுபட்டிருக்கிறது என்று அன்றைக்கே பார்த்துவிடலாம்.